தீவு பத்து, எரிமலை ஒன்று

ராஜபாளையத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அப்படிப்பட்ட ஊருக்குத் தெற்கே, போன சித்திரையில், ஒரு தீவில் எரிமலை வெடித்தது. வெடித்தது என்று கோப்பில் இருக்கிறது. கோப்பில் இருப்பதை இல்லையென்று சொல்ல இன்றுவரை யாருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

எல்லாம் ஒரு மின்கம்பியில் ஆரம்பித்தது.

செட்டியார்பட்டியின் கீழ்க்கோடியில் மூன்று ஓலை வீடுகள். நடுவீடு சமுத்திரத்தினுடையது. நூல் மில்லில் ஷிஃப்ட் வேலை. அவர் மனைவி செல்வலட்சுமி வீட்டில் உட்கார்ந்து பேண்டேஜ் துணி மடித்துக் கட்டுகிறவள். கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வெள்ளைத் துணி வரும். மடித்த கட்டுகளாகத் திரும்பிப் போகும். ஆள் படுக்க இடமில்லாவிட்டாலும் துணிக்கு இடம் உண்டு. தீக்குச்சியைக் காட்ட வேண்டாம், தீக்குச்சியைப் பற்றிப் பேசினாலே பற்றிக்கொள்ளும் சரக்கு அது.

கூரைக்கு மேலே மின்கம்பி, பழைய கொடிக்கயிறு மாதிரித் தொய்ந்து தொங்கியது. மேல்காற்று அடித்தால் இரண்டு கம்பியும் உரசிப் பொறி உதிரும். பொறி ஓலையில் விழும். செல்வலட்சுமி ஈரச் சாக்கால் அடித்து அணைப்பாள். வாரத்துக்கு இரண்டு தடவை இது நடந்தது.

மின்சார ஆபீஸில் தங்கமான மனிதர்கள். "கம்பியத் தூக்கிக் கட்ட அரை நாள் போதும்ணே. ஆனா ஆபத்துன்னு எழுத்துல ஒரு லெட்டர் வேணும். ஆபத்துக்குன்னு ஸ்ரீவில்லிபுத்தூர்ல தனி ஆபீஸே இருக்கே, அங்க வாங்கிட்டு வாங்க" என்றார்கள்.

சமுத்திரத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்: ஒரு கடிதம். நாலு வரி. அதை வாங்கத்தான் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார்.

பேரிடர் முன்தயாரிப்புத் தனிப்பிரிவு, ஒரு பால்கோவாக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்கப் பால் சுண்டிக்கொண்டிருக்கும். மேலே மனுக்கள் சுண்டிக்கொண்டிருக்கும். கீழே கிளற ஆள் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

உதவியாளர் பிரேம்குமார் மனுவை வாங்கி ஒப்புகைச் சீட்டு கொடுத்தார். "இதப் பத்திரமா வைங்கண்ணே. சீட்டு போச்சுன்னா மனு போச்சு. மனு போச்சுன்னா நீங்க வரவே இல்லேன்னு அர்த்தம்."

சமுத்திரம் ஊருக்கு வந்து சீட்டை மனைவியிடம் கொடுத்து, அதே வார்த்தைகளை ஒன்று குறையாமல் சொன்னார். அவள் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

ஆபீஸ் அந்த வருஷம்தான் நவீனமாகியிருந்தது. இனிமேல் விரலால் தட்டக் கூடாது, கம்ப்யூட்டரிடம் வாயால் சொல்ல வேண்டும், அது எழுதிக்கொள்ளும் என்று உத்தரவு. பிரேம்குமார் மனுவை எடுத்துக் கணீரென்று வாசித்தார்: "பொருள்: தீ விபத்து ஏற்படாமல் தடுக்கக் கோருதல்." கம்ப்யூட்டர் பவ்யமாக எழுதியது: "பொருள்: தீவு பத்து ஏற்படாமல் தடுக்கக் கோருதல்."

கோப்பு மேலே போனது. அங்கிருந்தவர்கள் படித்தவர்கள், படித்ததைக் கேள்வி கேட்காதவர்கள். பதினைந்தாம் நாள் பதில் வந்தது: "மேற்படி தீவுகள் பத்தின் பாதுகாப்புக்கு எடுக்கப்பட்ட நடவடிக்கை யாது? பேரிடர் ஒத்திகை நடத்தி உடன் அறிக்கை அனுப்புக."

சமுத்திரம் மூன்றாம் முறை போனபோது அவரை உள்ளே கூப்பிட்டார்கள். தனி அலுவலர் லிங்கேஸ்வரன் நாற்காலியில் இருந்தார். நாற்காலி முதுகில் பூத்துவாலை.

"தீவுக்காரர் நீர்தானா?"

"நான் செட்டியார்பட்டிங்கய்யா."

"அது தீவுக்கு எந்தப் பக்கம்?"

சமுத்திரம் பிரேம்குமாரைப் பார்த்தார். பிரேம்குமார் தரையைப் பார்த்தார்.

"ஐயா, நான் தீவுன்னு எழுதல. தீ விபத்துன்னு எழுதுனேன். கம்பியிலேருந்து பொறி விழுது. ஓலை வீடு. வீடு நெறயத் துணி..."

லிங்கேஸ்வரன் கையை உயர்த்தினார். கோபப்படவில்லை. கடைக்கு முதன்முதலாக வந்த ஆளுக்கு விலை சொல்கிற பொறுமையோடு பேசினார்.

"இந்தா பாரும். பிழை என்று நான் மேலே எழுதினால், பிழை செய்தது யார் என்று கேட்பார்கள். தீவு என்று எழுதினால், தீவு எங்கே என்று மட்டும்தான் கேட்பார்கள். இரண்டில் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம்?"

"தீவுக்குத்தாங்கய்யா" என்றார் சமுத்திரம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படி வாரும். கூமாப்பட்டி தீவு என்று செல்போனில் வீடியோ வந்தது. லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். கார் எடுத்துக்கொண்டு வந்து தேடினார்கள். ஆகவே அது தீவு எண் ஒன்று. பஸ் ஸ்டாண்டு ரவுண்டானா, நாலு பக்கமும் போக்குவரத்தால் சூழப்பட்ட நிலப்பரப்பு, எண் இரண்டு. சேத்தூருக்குப் போகிற வழியில் சாக்கடை அடைத்துத் தண்ணீர் சூழ்ந்த டீக்கடை, எண் மூன்று."

ஒன்பதுவரை எண்ணிவிட்டார். பத்தாவதுதான் உதைத்தது. பத்தாவதில் ஒத்திகை நடத்த வேண்டும். நாற்காலி போட இடம் வேண்டும்.

"தெக்குக் கண்மாய்ல நடுவுல ஒரு மண் திட்டு கெடக்கு சார்" என்றார் பிரேம்குமார்.

"அதில் தண்ணீர் இருக்கிறதா?"

"தை மாசமே வத்திப் போச்சு சார்."

"தண்ணீர்தானே. தீயணைப்பு வண்டி எதற்கு இருக்கிறது?"

சமுத்திரம் மெதுவாக, "ஐயா, அப்ப தீ?" என்றார்.

லிங்கேஸ்வரன் மனுவைப் புரட்டினார். உள்ளே நாலு இடத்தில் தீ, தீ என்றே எழுதியிருந்தது. அதை எப்படி விடுவது? நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"தீவில் தீ எங்கிருந்து வரும்? எரிமலையிலிருந்து வரும்! பிரேம்குமார், எழுதும். எரிமலை ஒன்று."

எரிமலை என்று வந்தபின் அதற்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது. வெறும் மலையோடு யார் சண்டை போடுவது? வில்லன் என்று வந்தபின் நாயகன் வேண்டியிருந்தது. 'பொதுமக்களைக் கவரும் வகையில் கவசமணிந்த மீட்பு வீரரை அறிமுகப்படுத்துக' என்று ஏற்கெனவே ஒரு சுற்றறிக்கை தூங்கிக்கொண்டிருந்தது. வீரனுக்குக் கவசக்காத்தான் என்றும், வில்லனுக்குக் கொள்ளிவாயன் என்றும் பெயர் வைத்தார்கள்.

"உம்முடைய பெயர் என்ன?"

"சமுத்திரங்கய்யா."

லிங்கேஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "கடலில்லாத ஊரில் சமுத்திரம்! மனுதாரரும் நீர், பயனாளியும் நீர். நீரே கவசக்காத்தான். ஒத்திகை முடிந்த மறுநிமிஷம், அதே மேடையில், உமக்குக் கடிதம்."

"கம்பியத் தூக்கிக் கட்டுற லெட்டருங்களா?"

"அதேதான்."

பேரம் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் நாற்காலியில் இருந்தது, இறங்க வழியில்லை. சமுத்திரம் இறங்கினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது செல்வலட்சுமி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எம்புட்டு நேரம் வேசம் கட்டணுமாம்?"

"ஒரு காலம்பற. அம்புட்டுத்தான்."

"பொறி விழுந்தா அணைக்க ஈரச் சாக்கு வேணும். இவிய கண்மாய் கொண்டாராவ, மலை கொண்டாராவ. ஏங்க, நீங்க போனது கம்பிக்குத்தானே? இல்ல, வழியில வேற எவனாச்சும் மனு குடுத்தத மாத்தி எடுத்துட்டுப் போயிட்டீகளா?"

"ஒத்திகை முடிஞ்ச கையோட லெட்டர் தருவாகளாம்."

"தந்தா சரி. வேசத்தோட வீட்டுக்கு வந்துராதீக. பக்கத்து வீட்டு கேத்ரின் மதினி சிரிச்சே செத்துருவா."

கவசத்தைத் தகரத்தில் அடித்தார்கள். எண்ணெய் டின்களைப் பிரித்து அடித்த தகரம். நெஞ்சில் 'சுத்தமான கடலை எண்ணெய்' என்ற எழுத்து வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் நிழலாகத் தெரிந்தது. தலையையும் முகத்தையும் மூடிய தகரத்தில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. முதுகில் ஆறு போல்ட். அது அரசு உடைமை ஆகிவிட்டதால், ஆள் மாறாட்டம் நடக்காமலிருக்க, ஆறு போல்ட்டின் மேலும் அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும் என்று லிங்கேஸ்வரன் உத்தரவிட்டார். முத்திரையைப் பிரிக்க அவர் கையெழுத்து வேண்டும்.

கொள்ளிவாயன் மைக்கேல். பஞ்சர் கடை வைத்திருப்பவர். ஈஸ்டர் நாடகத்தில் பத்து வருஷமாகச் சாத்தான் அவர்தான். வாயில் மண்ணெண்ணெய் வைத்துப் பந்தத்தில் ஊதினால் ஆள் உயரத்துக்குத் தீ போகும்.

"ஏலே சமுத்திரம்," என்றார், போல்ட் முடுக்குவதைப் பார்த்துக்கொண்டே, "ஒனக்கு மூக்கு அரிச்சா என்னலே பண்ணுவ?"

"ஒரு காலம்பறதானண்ணே."

"எங்க பங்குச் சாமியாரு எனக்குக்கூட வேசத்துக்கு நடுவுல டீ குடிக்க விடுவாரு. ஒனக்கு வாயே இல்லியே."

ஒத்திகை நாள் காலை நாலு மணியிலிருந்தே தீயணைப்பு வண்டி கடல் செய்ய ஆரம்பித்துவிட்டது. கோடையில் வெடித்துக் கிடந்த கண்மாய் மண், வண்டி வண்டியாகக் குடித்தும் தாகம் தீரவில்லை. கடைசியில் பழைய விழாக்களின் பிளெக்ஸ் பேனர்களைப் பள்ளத்தில் விரித்து, அதன்மேல் தண்ணீர் விட்டார்கள். கணுக்கால் ஆழத்துக்குக் கடல் நின்றது. அதன் அடியிலிருந்து 'வருக வருக' என்று பல முகங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தன.

வண்டி ஓட்டுநர் விஜயபாண்டி, முழங்கால் வரை சேறோடு வந்து, "சார், டேங்கு காலி. போயி ரொப்பி வச்சுக்கிடுறேன். ஊருக்குள்ள எதாச்சும்னா கையில தண்ணி வேணும். இன்னொரு வண்டி திருவிழாவுக்குப் போயிருக்கு" என்றார்.

"இன்றைக்கு ஊருக்குள் எதுவும் இல்லை" என்றார் லிங்கேஸ்வரன். "நிகழ்ச்சி நிரலில் பாரும். பேரிடர் இங்கேதான். காற்று அடித்தால் கடலில் அலை வரவேண்டும். நீர் குழாயோடு நில்லும்."

பத்து மணிக்கு மேலிடத்துக் குழு வந்து பந்தலில் உட்கார்ந்தது. திட்டின் மேல் பழைய டயர்களை அடுக்கி எரிமலை செய்திருந்தார்கள். மைக்கேல் பந்தத்தைக் காட்ட, எரிமலை குப்பென்று கரும்புகை விட்டது. தீவுவாசிகளாக நியமிக்கப்பட்ட இருபது பெண்கள், "ஐயோ எரிமலை, ஐயோ எரிமலை" என்று தாளில் பார்த்துக் கத்தினார்கள். மேல்காற்று நன்றாக அடித்தது. "அலை வருகிறது" என்று யாரோ மெச்சினார்கள்.

கவசக்காத்தான் கடலைக் கடந்தார். பிளெக்ஸ் வழுக்கியது. பாதிக் கடலில் ஒரு தடவை விழுந்தார்; 'விழுந்து எழுவதே வீரம்' என்று ஒலிபெருக்கி சமாளித்தது. திட்டில் ஏறிக் கொள்ளிவாயனை நெஞ்சில் இடித்தார். கொள்ளிவாயன் சொல்லிக்கொடுத்தபடி விழவேண்டும். ஆனால் அதற்குள் லிங்கேஸ்வரன் மைக்கை எடுத்துவிட்டார். சண்டையை அப்படியே நிறுத்தி, உரைக்குப் பின் தொடரும்படி சைகை காட்டினார். ஒரு கையை ஓங்கியபடி கவசக்காத்தானும், வாயைத் திறந்தபடி கொள்ளிவாயனும் வெயிலில் நின்றார்கள்.

"பெருமதிப்பிற்குரிய குழுவினரே! பேரிடர் வந்த பிறகு ஓடுவது பழைய முறை. பேரிடரை நாமே வரவழைத்து, நேரம் குறித்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது புதிய முறை. இந்தப் பிரிவு தொடங்கப்பட்ட நாளிலிருந்து இப்பகுதியின் பத்துத் தீவுகளில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பதைப் பணிவன்போடு தெரிவித்துக்கொள்கிறேன்..."

கைதட்டல்.

அப்போதுதான் கவசத்துக்குள் போன் அடித்தது.

சமுத்திரத்தின் போன் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. சட்டை தகரத்துக்குள் இருந்தது. தகரம் ஆறு போல்ட்டுக்குள்ளும், போல்ட் ஆறு முத்திரைக்குள்ளும் இருந்தன. போன் நெஞ்சுக்கு மேல் கோழி மாதிரி உதறியது. டின்னுக்குள் மணி அடித்ததுபோல் கண்மாய் முழுக்கக் கேட்டது. கூட்டம் சிரித்தது. மணி நின்றது, மறுபடி அடித்தது. நின்றது, மறுபடி.

மில் சூப்பர்வைசர் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டார். விடாமல் அடிப்பது ஒரே ஒரு ஆள்தான்.

"அண்ணே," என்றார் சமுத்திரம், தகரத்துக்குள்ளிருந்து மெல்ல. "வீட்டுலேருந்துண்ணே."

மைக்கேல் திறந்த வாயை மூடாமலே கண்ணை மட்டும் திருப்பினார். வடக்கே, செட்டியார்பட்டிப் பக்கம், பனைமரங்களுக்கு மேல் புகை. டயர்ப் புகை கறுப்பு. இது வெள்ளை. துணி எரிகிற புகை.

மேலிடத்துக் குழுவிலும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். லிங்கேஸ்வரனிடம் விரலை நீட்டினார். லிங்கேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"கவனியுங்கள்! எரிமலையின் தாக்கம் ஊருக்குள்ளும் பரவியிருப்பதைத் தத்ரூபமாகக் காட்டியிருக்கிறோம்!"

குழு எழுந்து நின்று கைதட்டியது.

"சார்!" சமுத்திரம் திட்டிலிருந்து கத்தினார். "சார், என் வீடு சார்! நெஜத் தீ சார்!"

"சபாஷ்!" என்றார் லிங்கேஸ்வரன் மைக்கில். "பயிற்சி கொடுத்தது வீண்போகவில்லை."

"சார், போல்ட்டக் கழட்டுங்க சார்! போன எடுக்கணும்!"

பிரேம்குமார் தாளைப் புரட்டிப் பார்த்து, லிங்கேஸ்வரன் காதில், "இந்த வசனம் நம்ம தாள்ல இல்ல சார்" என்றார். லிங்கேஸ்வரனின் முகம் மாறியது. ஆனால் மைக் கையில் இருந்தது, குழு எதிரில் நின்றது. "நன்றியுரை முடிந்ததும் பார்க்கலாம்" என்று மைக்கை மூடிக்கொண்டு சொன்னார். "இடையில் முத்திரையைப் பிரித்தால் ஒத்திகை ரத்து. ஒத்திகை ரத்தானால் கடிதம் கிடையாது என்று அவரிடம் சொல்லும்."

பிரேம்குமார் கடலோரம் வந்து அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் சொல்லலண்ணே, அவரு சொல்லச் சொன்னாரு" என்றார்.

சமுத்திரம் ஓங்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றார். எத்தனை நேரம் என்று அவருக்குத் தெரியாது. பார்த்தவர்கள் ஒரு நிமிஷம் என்கிறார்கள். ஐந்து மாதம் நடந்து வாங்கப் போகிற கடிதம், பந்தலில் மேஜைமேல் கவரில் இருந்தது. வெள்ளைப் புகை வடக்கே இருந்தது. நெஞ்சில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. இந்தத் தடவை மறுபடி அடிக்கவில்லை.

"ஏலே, கூறு கெட்ட பயலே, திரும்புலே!" என்றார் மைக்கேல். பந்தக் கம்பின் இரும்பு முனையை முதுகுத் தகரத்தின் இடுக்கில் கொடுத்து நெம்பினார். அரக்கு தெறித்தது. இரண்டு போல்ட் பிடுங்கிக்கொண்டது, நாலு அசையவில்லை. "வா, இப்படியே வா. வண்டியில ஏறு."

கொள்ளிவாயன் முன்னால், கவசக்காத்தான் பின்னால், மைக்கேலின் பைக் கண்மாய்க் கரை ஏறிப் போனது. 'வில்லன் நாயகனைக் கடத்திச் சென்றது நிகழ்ச்சி நிரலுக்கு முரண்' என்று பிரேம்குமார் குறிப்பில் எழுதினார், எழுதச் சொன்னார்கள்.

விஜயபாண்டி மட்டும் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. குழாயைக் கடலிலேயே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். டேங்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வழியில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் போட்டு நிரப்பிக்கொண்டு போக, முக்கால் மணி நேரம் ஆயிற்று.

தீக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. ஓலை வீடு மூன்று. துணி மூட்டை பதினெட்டு. பைக் போய் நின்றபோது சுவர்கள் மட்டும் நின்றன, குட்டையாக, கறுப்பாக. தெரு ஆட்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சமுத்திரம் ஓடினார், தகரத்தோடு ஓடியதில் சத்தம்தான் முன்னால் போனது. ஒரு குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

வேப்பமரத்தடியில் செல்வலட்சுமி உட்கார்ந்திருந்தாள். கேத்ரின் அவள் இரண்டு கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தோல் உரிந்திருந்தது.

"வெளிய வந்துட்டா தம்பி. நல்லாத்தான் வெளிய வந்துட்டா" என்றாள் கேத்ரின். "ஒங்களுக்கு எம்புட்டுப் போனு போட்டோம்! பொறவு திடீருன்னு, சீட்டு, சீட்டுன்னுட்டுத் திரும்ப உள்ள ஓடிட்டா. புடிக்க முடியல. என்ன சீட்டோ என்ன எழவோ."

செல்வலட்சுமி முந்தானை முடிச்சைக் கண்ணால் காட்டினாள். கேத்ரின் அவிழ்த்தாள். உருகிச் சுருண்ட பிளாஸ்டிக் கவர். உள்ளே ஒப்புகைச் சீட்டு, ஓரம் மட்டும் பழுப்பாக.

"சீட்டு போச்சுன்னா மனு போச்சுன்னீகளே" என்றாள்.

சமுத்திரம் அவள் கையைப் பிடிக்கப் போனார். தகரக் கையுறை. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பேண்டேஜ் துணி அந்தத் தெருவில் அன்றைக்கு ஒரு முழம் மிச்சமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் கட்டினார்கள்.

மறுவாரம் அறிக்கை வெளியானது. 'தீவு எண் பத்தில் உயிர்ச்சேதம் இல்லை, பொருட்சேதம் இல்லை, எரிமலை முழுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது.' லிங்கேஸ்வரனுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. விஜயபாண்டிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: 'பேரிடரின்போது தீவைக் கைவிட்டுச் சென்றது ஏன்?' மைக்கேல் முத்திரையை உடைத்த குற்றத்துக்குப் பஞ்சர் கடையை மூன்று நாள் சாத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அலைந்தார். எரிந்த மூன்று வீட்டுக்கும் பேரிடர் நிவாரணம் கேட்கப் போனவர்களிடம், பட்டியலில் பத்துத் தீவுகள் மட்டுமே இருப்பதாகவும், செட்டியார்பட்டி அவற்றில் இல்லையென்றும் தெரிவிக்கப்பட்டது. கூமாப்பட்டியில் வீடு எரிந்திருந்தால் உடனே கிடைத்திருக்குமாம்.

இரண்டு மாதம் கழித்து பிரேம்குமார் ஒரு கோப்போடு செட்டியார்பட்டிக்கு வந்தார். லிங்கேஸ்வரன் சொன்ன சொல் தவறாதவர். கடிதம் அனுப்பியிருந்தார்.

எரிந்த இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து, சமுத்திரம் மூங்கில் ஊன்ற அளவு பார்த்துக்கொண்டிருந்தார். வேறு இடம் கிடையாது. மேலே அதே கம்பி, அதே தொய்வு. வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். செல்வலட்சுமி மரத்தடியில் இருந்தாள். கட்டு பிரித்துவிட்டார்கள்; விரல்கள் மடங்குவதில்லை. துணி மடிக்கிற வேலைக்கு இனி அவள் போக முடியாது.

பிரேம்குமார் உட்காராமல், யாரையும் பார்க்காமல் வாசித்தார். வாயால் சொல்லிச் சொல்லி அவர் குரல் நல்ல தெளிவாகியிருந்தது.

"தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி மின்கம்பிக்குக் கீழே கள ஆய்வு செய்ததில், அவ்விடத்தில் வீடு ஏதும் காணப்படவில்லை. வீடு இல்லாத இடத்தில் வீட்டுக்கு ஆபத்து ஏற்பட வாய்ப்பில்லை. எனவே கம்பியை மாற்றத் தேவை எழவில்லை. கோரிக்கை நிறைவேறியதாகக் கருதி மனு முடித்துவைக்கப்படுகிறது."

மைக்கேல், மூங்கில் கட்டைச் சுமந்து வந்தவர், தோளிலிருந்து இறக்காமலே கேட்டார்: "ஏம்ப்பா, எங்க சாத்தானுக்குக்கூட இம்புட்டு யோசன வராதே. இதெல்லாம் நீங்களா எழுதுறதா, இல்ல அந்தக் கம்ப்யூட்டரு எழுதுறதா?"

பிரேம்குமார் ஒரு படிவத்தை நீட்டினார். 'மனுதாரர் திருப்தி அடைந்தாரா? ஆம் / இல்லை.'

"இல்லைன்னு போட்டா என்ன ஆகும்?" என்றார் சமுத்திரம்.

"மறுபடி மனு தொறக்கும்ணே. மொதல்லேருந்து. நாந்தான் வாசிக்கணும்." பிரேம்குமார் பேனாவை நீட்டினார். "அது என்ன எழுதுமோ."

சமுத்திரம் மனைவியைப் பார்த்தார்.

"ஆம்னு போட்டுருங்க" என்றாள் செல்வலட்சுமி. "தீயத்தான் தாங்கியாச்சு. இன்னொரு தடவ கடல் வந்தா தாங்க மாட்டேன்."

அவர் 'ஆம்' என்பதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் மூங்கிலை எடுத்துக் குழியில் நிறுத்தினார். அதன் நுனி கம்பிக்கு ஒரு முழம் கீழே ஆடியது.

பிரேம்குமார் போகவில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அண்ணே, செத்த நேரம் அந்த மூங்கிலக் கீழ வையிங்க. போட்டோ எடுத்து அனுப்பணும். வீடு இல்லைன்னு எழுதியிருக்கு."

சமுத்திரம் மூங்கிலைப் பிடுங்கித் தரையில் படுக்க வைத்தார். படத்தில் விழாதபடி ஓரமாகத் தள்ளியும் வைத்தார்.